பேத்திக்குப் பெயர் கலீசியா?

கேள்வி: பிறந்திருக்கும் பேத்திக்குக் 'கலீசி' என்று பெயர் வைக்கணுமாம், மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். ஏதோ ஆங்கிலத் தொடரில் டிராகன் வளர்க்கும் ராணியாம். கதைக்காகக் கட்டிய பெயரையெல்லாம் குழந்தைக்கு வைக்கலாமா?
– ஒரு தாத்தா, பருத்திப்பட்டு

பதில்: நாம் வைக்காததா? 1950-இல் கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதத் தொடங்கினார். அதில் வரும் குந்தவை கல்வெட்டில் இருக்கிறார். பூங்குழலி கல்கியின் கற்பனையில் மட்டும்தான். ஆனாலும் எத்தனை பூங்குழலிகள் பள்ளியில் 'உள்ளேன் ஐயா' சொல்லியிருக்கிறார்கள்! 'வனெஸா' என்ற ஆங்கிலப் பெயர்கூட எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் தன் தோழியின் பெயரையும் குடும்பப் பெயரையும் வெட்டி ஒட்டிச் செய்ததுதான். கதைப் பெயரில் ஒரு வசதி: சொந்தத்தில் யாருக்கும் அது இருக்காது. 'உங்க அத்தை பேரா, எங்க அத்தை பேரா' என்ற சண்டை மிச்சம்.

கலீசி பெயரே அல்ல, பட்டம். போகட்டும், நாமும் ராணி என்று வைக்கிறோமே. சிக்கல் வேறு: 2011-இல் தொடங்கிய தொடர் 2019-இல் முடியும்போது அந்த ராணி ஊரையே கொளுத்திவிட்டாள். முன்பே பெயர் வைத்துவிட்டவர்கள் பாடு திண்டாட்டம்.

பூங்குழலியோ கடலில் தத்தளித்தவர்களைப் படகில் ஏற்றிக் காப்பாற்றியவள். உங்கள் பருத்திப்பட்டு ஏரியிலும் படகு விடுகிறார்கள், பொருத்தம்தான். சொல்லிப் பாருங்கள், மகனிடம் அல்ல, மருமகளிடம்.