மாநாட்டு மகாபுருஷர்

பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், ஐரோப்பாவின் குளிர் சாமானிய மனிதரைப் போர்வைக்குள்ளிருந்து வெளிவரவொட்டாமல் தடுக்கும் அந்த நாட்களிலே, பிரஸ்ஸல்ஸ் நகரத்துச் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் சோல்போஷ் வளாகத்தில் ஃபாஸ்டெம் என்னும் திறந்த மூல மென்பொருள் மாநாடு கூடுகிறது. 2000-ஆம் ஆண்டில் ஆரம்பமான இதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது; பெயரைப் பதிவுசெய்துகொள்ளும் நிர்ப்பந்தமும் இல்லை. ஆயிரக்கணக்கில் திரளும் ஜனசமுத்திரத்தில் நம் கதாநாயகரைக் கண்டுபிடிப்பது எங்ஙனம் என்று வாசகர் கலங்கவேண்டாம். டெபியனின் செஞ்சுழியும் லினக்ஸின் பெங்குவினும் ஃபயர்பாக்ஸின் நரியுமாக ஸ்டிக்கர்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு, உற்பத்தி செய்த கம்பெனியாருக்கே அடையாளம் தெரியாதவாறு மூடி மறைத்திருக்கும் மடிக்கணினி எவர் கையில் இருக்கிறதோ, அவரே அவர். அங்கத்திலே ஏதோ ஒரு புராதன மாநாட்டின் டீ ஷர்ட். சாயம் போகப்போக மதிப்பு ஏறும் வஸ்திரம் உலகில் இது ஒன்றுதான்.

வளாகத்தின் கே கட்டடத்துக் கடைகளில் ஸ்டிக்கர்களைச் சேகரித்து முடித்து, சொற்பொழிவு கேட்கும் உத்தேசத்துடன் அவர் அறைவாசலை அடையும்போது, 'இடமில்லை' என்ற அறிவிப்பைத் தொண்டர்கள் கதவில் ஒட்டியிருப்பார்கள். இதனால் அவர் கிஞ்சித்தும் விசனப்படுவதில்லை. சொற்பொழிவுகளை ஒளிப்பதிவு செய்து யாரும் பார்க்கும்படி வெளியிட்டுவிடுகிறார்களே! அப்படியானால் வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாமே என்று கேட்பவர், மாநாட்டின் தத்துவம் அறியாதவர். ஏனெனில் வீட்டுக்குப் போயும் அவர் பார்ப்பதில்லை. தப்பித்தவறி உள்ளே இடம் கிடைத்துவிட்டாலோ, பேச்சாளரின் பாடுதான் பரிதாபம். "ஒரு சின்னக் கேள்வி" என்று எழுந்து, தம் சொந்த அபிப்பிராயங்களை ஆதியோடந்தமாக எடுத்துரைத்து, அடுத்த பேச்சாளர் மடிக்கணினிக் கம்பியைக் கையில் பிடித்தபடி மேடையோரம் தவித்து நிற்கும் தருணத்தில், கேள்வி இன்னதென்று சொல்லாமலே அமர்ந்துவிடுவார். திறந்த மூல மென்பொருளை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற உதாரமான ஏற்பாட்டின்கீழ் அவர் இதுவரை திருத்தியது, உதவிக் குறிப்பொன்றில் ஒரு காற்புள்ளி; அதை அவர் விவரித்துக் கேட்கவேண்டும்!

ஆனால் அவருடைய பூரண மகிமையைத் தரிசிக்க, சாவிக் கையொப்ப வைபவத்திற்கே போகவேண்டும். ரகசியக் கடிதப் போக்குவரத்துக்குரிய மின்சாவி மெய்யாகவே இன்னாருடையதுதான் என்பதை, ஒருவர் பாஸ்போர்ட்டை மற்றொருவர் பரிசோதித்து உறுதிசெய்து, பின்னர் கையொப்பமிடும் சடங்கு அது. முதல் நாள் மாலை டெலிரியம் கபேயில் தமக்குப் பியர் வாங்கிக்கொடுத்த நெடுநாள் சிநேகிதர் எதிர்வரிசையில் வந்து நிற்கிறார். நம்மவர் முகத்தில் சிரிப்பில்லை. பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார், தொப்பியைக் கழற்றச் சொல்கிறார், "படத்தில் தாடி இல்லையே?" என்று விசாரிக்கிறார். சிநேகிதர், குளிரில் பல் கிட்டிக்க, தாடி வளர்ந்த வரலாற்றைச் சொல்கிறார். நம்மவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம்" என்று கூறி, முன்பின் அறியாத அடுத்த மனிதரிடம் நகர்ந்துவிட்டார்.