எனக்கும் லாடம் கட்டியாச்சு

மில்டுரா, ஆஸ்திரேலியா
தை 6

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகன் எழுதுவது. நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? மாட்டுப்பொங்கல் போட்டோ வந்தது. கொம்புக்கு நீலம் அடித்த காளை, பக்கத்தில் வெறுங்காலோடு நீங்கள். லாடம் கட்டியிருந்தது உங்கள் இருவரில் ஒருவருக்குத்தான்.

ஒரு ஜோடி பூட்ஸுக்கு நான் பதினோராயிரம் ரூபாய் அழுத கதையை அம்மா உங்களிடம் போட்டு உடைத்துவிட்டாளாம். “காலுக்கு எதுக்குடா இவ்வளவு சீர்வரிசை?” என்று கேட்டீர்களாம். நியாயமான கேள்விதான். போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் சிரித்துவிடுவீர்கள், அதனால் கடிதம்.

முதலில் ஒன்று. “அங்க குளிருதா?” என்று வீட்டில் யாரும் இனிமேல் கேட்க வேண்டாம். இங்கே தை மாதம்தான் கத்திரி வெயில். போன வாரம் 43 டிகிரி. மற்றபடி கண்ணை மூடினால் இது நம் சுருளிப்பட்டிதான்: செம்மண், திராட்சை, ஆற்றுத் தண்ணீர். நமக்கு அணை கட்டிக்கொடுத்த பென்னிகுவிக் என்றால் இவர்களுக்குச் சாஃபி சகோதரர்கள். கனடாக்காரர்கள். மரே ஆற்றங்கரைக்கு வந்து, பம்பு வைத்துத் தண்ணீரை மேலேற்றி 1887-ல் ஊரை உண்டாக்கினார்கள். ஆனால் பென்னிகுவிக்குக்கு நாம் வைப்பதுபோல் அவர்களுக்கு யாரும் பொங்கல் வைப்பதில்லை, பாவம். கண்ணைத் திறந்தால் பந்தல் கிடையாது; கம்பியில் கொடி ஏற்றி வரிசை வரிசையாக நிற்கும். வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

வந்த புதிதில் என்னிடம் ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. விசாவுக்கு எழுதிப்போட்ட கையோடு மதுரையில் வாங்கியது. விசா வர நாலரை வருஷம் ஆனது. அதுவரை அம்மா அதைப் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில், பாச்சை உருண்டை போட்டு, பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்தாள். வெளிநாடு போகிற பிள்ளையின் பூட்ஸ் அல்லவா! இங்கே மூன்றாம் நாள், இரண்டாவது வரிசை தாண்டுவதற்குள் கால் ஒரு மாதிரி லேசானது. திரும்பிப் பார்த்தால் செம்மண்ணில் பூட்ஸின் அடிப்பாகம் கறுப்பாகத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கையில் எடுத்தேன். மாவுருண்டை உதிர்வதுபோல் உதிர்ந்தது. மேல்தோல் மட்டும் அன்று கடையில் பார்த்த பளபளப்போடு அப்படியே இருந்தது.

கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் திட்டினேன். அவன் பேரில் தப்பில்லை. பாலியூரித்தேன் என்று ஒரு சமாச்சாரம். மெத்மெத்தென்று இருக்கும், கனமே இருக்காது, அதனால் நிறையப் பூட்ஸுக்கு அடிப்பாகம் அதில்தான். ஆனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உள்ளே இழுத்து உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோகும். போட்டு நடந்தாலும் வயசாகும், பூட்டி வைத்தாலும் வயசாகும். நம் வீட்டில் நல்ல நாளுக்கென்று பத்திரப்படுத்திய சாமானில் அதற்கு மட்டும்தான் இந்தத் திமிர்.

மீதி நாளைச் செருப்போடு ஓட்டப் பார்த்தேன். வரப்போரம் மஞ்சள் பூ பூத்துத் தரையோடு படர்ந்திருந்தது. அடையாளம் தெரிந்து நிற்பதற்குள் அதன் முள் செருப்பைத் துளைத்துவிட்டது. நெருஞ்சி, மாமா! அதே நெருஞ்சி! கடல் தாண்டி வந்தவனுக்கு ஊர்க்காரன் எதிரே வந்து கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது, வலியைத் தவிர. இங்கே அதைக் கால்ட்ராப் என்கிறார்கள், பூனைத்தலை என்றும் சொல்வார்கள். கண்ட இடத்தில் வெட்டி எறிகிறார்கள். “எங்க ஊர்ல இதைக் கஷாயம் வெச்சுக் குடிப்போம்” என்றேன் முதலாளியிடம். தாத்தா காலத்தில் இத்தாலியிலிருந்து வந்த குடும்பம் அவருடையது. என்னையும் முள்ளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “நாளைக்கு லீவு எடு, பூட்ஸ் வாங்கு” என்றார்.

கடையில்தான் உங்களை நினைத்துக்கொண்டேன். சந்தையில் நீங்கள் மாடு பிடிப்பீர்களே, ஒரே பார்வையில் சுழியும் பல்லும் பார்த்துவிட்டு, பிறகு பத்தடி நடக்கவிட்டு வாலைப் பார்ப்பீர்களே, அந்தக் கண் இதற்கும் வேண்டும். நான் போனது காலை ஒன்பது மணிக்கு. கடைப் பெண்மணிக்கு அறுபது வயசிருக்கும், விவசாயியின் மனைவி. “சாயங்காலம் வா” என்று திருப்பி அனுப்பிவிட்டார். பகலெல்லாம் நின்று நடந்த பிறகு கால் வீங்கியிருக்குமாம். காலையில் அளந்து வாங்கினால் மத்தியானமே கடிக்குமாம். வியாபாரத்தை வாசலில் வைத்துக்கொண்டு நேரம் சரியில்லை என்கிற கடையை அன்றுதான் பார்த்தேன். ராகுகாலம் பார்க்கிற ஊரில் பிறந்தவன், மறுபேச்சுப் பேசாமல் சாயங்காலம் போனேன்.

லேஸ் வைத்தது, பக்கவாட்டில் ஜிப் வைத்தது, இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்து இழுத்து மாட்டுவது என மூன்று சாதி. இந்த ஊர் விவசாயிகள் காலில் பெரும்பாலும் எலாஸ்டிக்தான். பிளண்ட்ஸ்டோன் என்று டாஸ்மேனியாக் கம்பெனி ஒன்று, 1870-லிருந்து இருக்கிறது. 2007-ல் தோல் பூட்ஸ் தைக்கிற வேலையைத் தாய்லாந்துக்கும் இந்தியாவுக்கும் அனுப்பிவிட்டார்கள். ஆம்பூர்க்காரனும் வாணியம்பாடிக்காரனும் ஊருலகத்துக்கெல்லாம் பூட்ஸ் தைக்க, நாம் மட்டும் வெறுங்காலோடு நெருஞ்சி மிதிக்கிறோம். இதைப் பற்றி நீங்கள்தான் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டும்.

அந்தம்மா என் குதிகாலுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்த்தார். பெருவிரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டிருக்கிறதா என்று அழுத்தினார். சரிவுப் பலகையில் ஏறி இறங்கச் சொன்னார். இறங்கும்போது விரல் முன்னால் முட்டினால் நகம் கறுத்து விழுந்துவிடும். எல்லாம் சரி. முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்தது எடுக்கப்போனேன். அதில் ஒரு கம்பீரம் இருந்தது, மறைப்பானேன்.

அப்போதுதான் ஒரு யோசனை. நம் வேலையில் பாதி குத்தவைத்து உட்கார்ந்துதானே? சொட்டுநீர்க் குழாய் அடைத்தால் குந்துகிறோம், களை பிடுங்கக் குந்துகிறோம், டீ குடிக்கவும் குந்துகிறோம். கடை நடுவில், பூட்ஸோடு, அப்படியே குந்தினேன். இரும்புத் தொப்பியின் பின்விளிம்பு, விரல் மடங்குகிற இடத்தில் அரிவாள்மணை மாதிரி பதிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அரை நிமிஷம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு குழந்தை தன் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்து என்னைக் காட்டியது. கடைப் பெண்மணி ஓடிவந்து, “உடம்பு சரியில்லையா? பாத்ரூம் அந்தப் பக்கம்” என்றார். நாற்பது வருஷ வியாபாரத்தில் பூட்ஸை யாரும் இப்படிச் சோதித்ததில்லையாம்.

ஃபோர்க்லிஃப்ட் பக்கம் போகிறவனுக்கு எங்கள் தோட்டத்தில் இரும்பு கட்டாயம்; கொடி வேலைக்காரனுக்கு இல்லை. ஆகவே இரும்பில்லாததை எடுத்தேன். அடிப்பாகம் ரப்பர். கொஞ்சம் கனம், ஆனால் உதிராது. கூடவே கம்பளிச் சாக்ஸ் நாலு ஜோடி! நாற்பது டிகிரியில் கம்பளியா என்று எனக்கும் சிரிப்பு வந்தது. பருத்தி வியர்வையைக் குடித்து ஊறிக் கிடக்கும், ஊறிய துணி உரசினால் கொப்புளம். மெரினோ கம்பளி அப்படிச் செய்வதில்லை. முதல் வாரம் நம்பாமல் பருத்தி போட்டு, குதிகாலில் இரண்டு கொப்புளம் வாங்கிய பிறகு சொல்கிறேன்.

தினமும் விடிந்ததும் இரண்டையும் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் மாட்டுகிறேன். நீங்கள் கம்பளியை உதறித் தேள் பார்ப்பீர்களே, அதே வேலை. இங்கே முதுகில் சிவப்புக் கோடு போட்ட சிலந்தி. பாம்புக்கு இந்தப் பூட்ஸ் கணுக்காலோடு சரி. தரை அதிரத் தொம்மு தொம்மென்று நடந்தால் அதுவே விலகிப்போகும் என்கிறார் முதலாளி. நடக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஜல்லிக்கட்டுக்கு வந்தவன் மாதிரி இருக்குமாம்.

பூட்ஸ் வாங்குகிறபோது யாரும் சொல்லித்தராத சங்கதி ஒன்று. அடிப்பாகத்தில் ஆழமாகப் பள்ளம் பள்ளமாக இருந்தால் நல்ல பிடிப்பு என்று நினைப்போம். அதில்தான் நெருஞ்சியும் மண்ணும் ஏறி உட்கார்ந்து அடுத்த தோட்டத்துக்குப் போகும். மண்ணோடு ஃபிலாக்செராவும் போகும். திராட்சை வேரில் உட்கார்ந்து சாறு குடிக்கிற பேன் அது. இந்த மாநிலத்தில் 1877-ல் ஜீலாங் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள். கொடிகளை வேரோடு பிடுங்கி அழித்தார்கள். இன்றுவரை அதற்கு மருந்து கிடையாது. எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. வரவிடாமல் இருக்கத்தான் வாசலில் ஒரு தட்டு. 2 சதவீதக் குளோரின் கரைசல். வேறு தோட்டத்திலிருந்து வந்தால், மண்ணைத் தேய்த்துவிட்டு 60 விநாடி அதில் நின்றுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தோல் பூட்ஸுக்கு அது எமன். அதனால் அந்த வேலைக்கு மலிவான ரப்பர் கம்பூட் தனி.

தோட்டத்துக்குள் நுழையுமுன் நீங்கள் செருப்பைக் கழற்றி வரப்பில் வைப்பீர்கள். நான் பூட்ஸோடு தட்டில் நின்று அறுபது எண்ணுகிறேன். முதல் நாள் பாதி எண்ணிக்கையில் கை தானாகக் கும்பிட்டுவிட்டது. வனுவாட்டுத் தீவுகளிலிருந்து வந்த என் கூட்டாளி, இதுவும் விதிமுறை என்று நினைத்துத் தானும் கும்பிட்டான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கும் ஒரு ஜோடி அனுப்பப்போகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், முதல் தவணை கட்டியாச்சு. அளவு வேண்டும். பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுத்து, முருகன் படம் இல்லாத மாதமாகப் பார்த்து, பின்பக்கம் இரண்டு காலையும் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள். ஒற்றைக் கால் போதாது. மண்வெட்டி மிதித்து மிதித்து உங்கள் வலது கால் அகலம், எனக்குத் தெரியும். வந்ததும் அத்தையிடம் கொடுக்காதீர்கள், பீரோவுக்குப் போய்விடும்.

வரைவதைத் தோட்டத்திலிருந்து வந்த பிறகு, சாயங்காலமாக வரையுங்கள்.

இப்படிக்கு,
லாடம் கட்டிய உங்கள் மருமகன்