வீடா, ஆபீஸா என்று கேட்பவர்களுக்கு

அனுப்புநர்: தோல் பை தைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பம், தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து, தாராவி, மும்பை.

பெறுநர்: வயர்லெஸ் பிரிண்டர் தயாரிக்கும் எல்லாக் கம்பெனிகளின் மேலிடம்.

பொருள்: பிரிண்டர் வாங்குதல் – தங்கள் கேள்விக்குப் பதில் அளிக்க இயலாமை – தொடர்பாக.

பார்வை: தங்கள் விற்பனைக் கையேடு, முதல் பக்கம்.

மகாகனம் பொருந்திய ஐயா, அம்மா,

தங்கள் கையேடு எடுத்த எடுப்பிலேயே எங்களை மடக்கிவிட்டது. "வீட்டு உபயோகமா, அலுவலக உபயோகமா?" எங்கள் கோலி, அதாவது ஒற்றை அறை, பத்துக்குப் பத்து. காலையில் பாயைச் சுருட்டினால் பட்டறை. ராத்திரி தையல் மெஷினை ஓரம் தள்ளினால் படுக்கை. நடுவில் பத்தாவது படிக்கும் பெண்ணின் புராஜெக்ட்டும், பார்சல் மேல் ஒட்டும் லேபிளும், ஜிஎஸ்டி பில்லும் ஒரே மெஷினில் வந்தாக வேண்டும். நாங்கள் எந்தக் கட்டத்தில் டிக் போட? 2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்பு சர்வே தொடங்கியபோதும் இதே விசாரணைதான்: குடியிருப்பா, கடையா? அங்கே பதிலைப் பொறுத்து சதுர அடி மாறும். உங்களிடம் விலை மாறுகிறது.

அந்த சர்வேதான் எங்களைப் பிரிண்டர் பக்கம் தள்ளியது என்பதையும் பதிவு செய்கிறோம். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு என்றதும், சந்தில் எல்லோரும் அத்தாட்சி தேடிப் பழைய டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். அப்பா காலத்து ரேஷன் கார்டு, மடிப்பில் நாலாகப் பிரிந்து, செல்லோ டேப்பில் உயிர் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'தாளைத் தானே இழுத்து நகலெடுக்கும்' என்று நீங்கள் பெருமையடிக்கும் அலுவலக மாடலில் அதைச் செருகினால் எங்கள் வீடே உள்ளே போய்விடும். ஆகவே கண்ணாடி மேல் வைத்து மூடுகிற ஸ்கேனர்தான் எங்களுக்கு வேண்டும். உங்கள் கையேட்டில் அது 'வீட்டு' வரிசையில் இருக்கிறது. சரி, வீடு என்றே வைத்துக்கொள்வோம்.

அடுத்து, வயர்லெஸ். நல்ல மனசு உங்களுக்கு. எங்கள் சந்தில் தலைக்கு மேல் கரண்ட் வயர், கேபிள் வயர், இன்டர்நெட் வயர், துணிக்கொடி எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. ஒரு வயர் குறைந்தால் புண்ணியம். ஆனால் உங்கள் மலிவு மாடல்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். அதில் ஒன்றையொன்று இடிக்காத தடங்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. சந்து முழுவதும் உள்ள ரூட்டர்கள் அந்த மூன்றில்தான் ஏறியாக வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குத் தாதரில் லோக்கல் பிடித்தவருக்கு இது விளங்கும். போதாக்குறைக்கு, கீழ் அறைக்கும் மேலே பரணாக இருக்கும் போட்மாளாவுக்கும் நடுவே இரும்புத் தகடு. ரூட்டர் மேலே, பிரிண்டர் கீழே, கை நீட்டினால் எட்டும் தூரம். எதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும் பிரிண்டரை 'ஆஃப்லைன்' என்கிறது திரை.

ரூட்டரே வேண்டாம், வைஃபை டைரக்ட் போதும் என்பீர்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடமும் அதே மாடல், பட்டியலில் ஏறக்குறைய அதே பெயர். எங்கள் பில் அவர் வீட்டில் வெளியே வந்தால் அண்ணாச்சி மரியாதையாகக் கொண்டுவந்து கொடுப்பார். என்ன, எங்களுக்கு எவ்வளவு ஆர்டர் என்பது அதற்குள் சந்துக்கே தெரிந்திருக்கும்.

மே மாதம் லீவு விட்டால் திருநெல்வேலிக்கு ரயிலேறிவிடுவோம். போகும்போது மெயினை அணைத்துவிட்டுத்தான் போவோம். இங்க்ஜெட்டை அதன் பட்டனால் அணைத்தால்தான் மைத்தலை மூடிக்குள் போய் உட்காரும், பிளக்கைப் பிடுங்கினால் திறந்தபடியே காயும் என்பதை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்? ஜூனில் திரும்பி வந்து 'ஹெட் கிளீனிங்' கொடுத்தால், இருக்கிற மையையும் குடித்துவிட்டுக் கோடு கோடாகத் துப்புகிறது. லேசரில் இந்தத் தொல்லை இல்லை, தூள் காயாது. ஆனால் அது சூடேறும் நேரத்தில் டியூப்லைட் ஒருமுறை கண்ணடிக்கும், ஒரே லைனில் ஓடும் தையல் மெஷின் முனகும்.

இனி மை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எங்கள் பக்கம் ரீஃபில் போடும் தம்பி ஒருவன் இருக்கிறான். கார்ட்ரிஜின் ஸ்டிக்கரை நகத்தால் நெம்பி, உள்ளிருக்கும் ஸ்பாஞ்சில் சிரிஞ்சை மெள்ள இறக்குவான். மை பொங்குவதற்குள் நிறுத்தி, அடிப்பக்கத்தை டிஷ்யூவில் ஒற்றுவான். மூன்று நிறமும் மூன்று கோடாக விழுந்தால் வேலை முடிந்தது. ஆனால் சிப் 'காலி' என்றே சாதிக்கிறது. லேமிங்டன் ரோட்டில் வேறு கம்பெனி கார்ட்ரிஜ் வாங்கிப் போட்டால், ஒரு நல்ல நாளில் அப்டேட் வந்து அதையும் தள்ளிவைக்கிறது.

இது தாராவிக்காரர்களின் புலம்பல் மட்டுமல்ல. மற்றவர் சிப் உள்ள கார்ட்ரிஜைத் தன் பிரிண்டர்கள் ஏற்காது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2020 டிசம்பரில் எச்பிக்கு இத்தாலியின் போட்டி ஆணையம் 1 கோடி யூரோ அபராதம் போட்டது. விற்ற கார்ட்ரிஜ் மீது காப்புரிமையைக் காட்டி ரீஃபில்காரரைத் தடுக்க முடியாது என்று 2017-இல் லெக்ஸ்மார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆசியா முழுக்கத் தெருக்கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே மைப் புட்டியைக் கட்டி டியூப் விட்டுக்கொண்டிருந்தார்கள். உத்தரவாதம் போய்விடும் என்று நீங்கள் மிரட்டினீர்கள். பிறகு 2010-இல் எப்சன் இந்தோனேசியாவில் டாங்க் பிரிண்டரை இறக்கியது. தெருவில் இருந்தவரை மோசடி, உங்கள் டப்பாவுக்குள் போனதும் தொழில்நுட்பம். நாங்களும் அதையே வாங்கப் பார்க்கிறோம், கோபம் வேறு, கணக்கு வேறு.

செத்த பிரிண்டர்களுக்கும் எங்கள் ஊரில் விலாசம் உண்டு. பதின்மூன்றாம் காம்பவுண்டில் ஒரு துண்டை உடைத்து, லைட்டரில் சுட்டு, மோந்து பார்த்தே எந்தப் பிளாஸ்டிக் என்று பிரிப்பார்கள். மோட்டார் ஓடும், பெல்ட் அறுந்திருக்காது. கழிவு மை உறிஞ்சும் பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கவுண்டர் சொன்ன ஒரே காரணத்துக்காக உயிரை விட்டவையும் அந்தக் குவியலில் உண்டு.

ஆகவே பணிவன்புடன் கேட்டுக்கொள்வது: பெட்டி மேல் ஒரு பக்கத்துக்கு மைச்செலவு எத்தனை பைசா, சூடேறும்போது எத்தனை வாட், அடுத்தவர் மை செல்லுமா செல்லாதா, அந்தப் பஞ்சை மாற்ற என்ன செலவு – இந்த நாலையும் கொட்டை எழுத்தில் போடவும். வயர்லெஸ் என்பதால் எடுத்துவிட்ட யூஎஸ்பி வயரைத் திரும்ப உள்ளே வைக்கவும். இவ்வளவுக்கும் பெட்டியில் இடமில்லை என்றால், அதன் மேல் சோபாவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறதே ஒரு குடும்பம், அவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லவும்.

இப்படிக்கு,
வீடும் ஆபீஸும்