கேட்டவனுக்கெல்லாம் போடு, பேராண்டி!

நாரணாபுரத்து மொட்டை மாடியில ஒரு மைக்கையும் கம்ப்யூட்டரையும் வச்சுக்கிட்டு உலகம் பூராவுக்கும் ரேடியோ விடுற. சந்தோசம். துபாய்ல கேக்குறாக, மலேசியாவுல கேக்குறாகன்னு உங்க ஆச்சி தெருவெல்லாம் தமுக்கடிச்சிட்டா. இப்ப என்னடான்னா, "நேயர் விருப்பத்துக்கு வரம்பு வைக்கலாமா தாத்தா"ன்னு என் கட்டிலடியில வந்து நிக்கிற. வரம்பு எதுக்குடா? கேட்டவனுக்கெல்லாம் போடு. நேத்து ஒரே மகராசன் வரிசையா பத்துப் பாட்டு கேட்டான், பத்தையும் போட்ட. மத்தவுக கொட்டாவி விட்டுப் படுத்துட்டாக. பேசாம ரேடியோவுக்கு அவன் பேரையே வச்சிரு.

அவனுக்கு நான் வச்ச பேரு சரவெடி. திரியில நெருப்பு பட்டா மொத்தமும் வெடிச்சுத்தான் ஓயும். நடுவுல எவனும் ஒரு புஸ்வாணம்கூட வைக்க முடியாது. நிசச் சரவெடியையே 2018-ல சுப்ரீம் கோர்ட்டு ஆகாதுன்னுட்டுது. தீவாளிக்கு வெடிக்க ரெண்டே மணி நேரம். நம்ம சர்க்கார் அதைக் காலையில 6-ல இருந்து 7, ராத்திரி 7-ல இருந்து 8-ன்னு பிரிச்சுக் குடுத்துச்சு. அதுல நம்ம பக்கத்துப் பட்டாசுப் பொழப்பு என்ன பாடுபட்டுச்சுன்னு உனக்கே தெரியும். வெடிக்கே நேரங்காலம் இருக்கு, உன் சரவெடிக்கு இல்லையோ?

விருப்பம் கேக்குறது நேத்து மொளைச்சதுன்னு நினைக்காத. 1952-ல மந்திரியா வந்த கேஸ்கர், ஆல் இந்தியா ரேடியோவுல சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்துனாரு. சிலோன் ரேடியோக்காரன் வாசலை அகலத் தொறந்து வச்சான். டெல்லிக்குப் புத்தி வந்து விவித்பாரதி தொடங்க 1957 ஆச்சு. அதுக்குள்ள இங்க எல்லாருக்கும் காது கொழும்புப் பக்கமா திரும்பிருச்சு. உங்க ஆச்சி தீப்பெட்டிக் கட்டை அடுக்கிக்கிட்டே கேப்பா. சிலோன் அறிவிப்பாளர் மயில்வாகனன் பேச ஆரம்பிச்சா அவ விரல் தன்னால வேகம் பிடிக்கும். பாட்டு சோகமா வந்தா குச்சி ரெண்டு கோணலாப் போகும்.

அப்ப ஒரு பாட்டுக்கு முன்னாடி ஊரும் பேருமா ஒரு வண்டி வாசிப்பாக. சூட்சுமம் அங்கதான் இருக்கு. பாட்டு ஒண்ணு, திருப்தி நாப்பது வீட்டுக்கு! பாட்டைக் கேக்கவா கடுதாசி போட்டோம்? எங்க பேரைக் கேக்கல்ல போட்டோம். நீ என்னடான்னா ஒரு அமுக்குக்கு ஒரு பாட்டுன்னு வச்சிருக்க, பேரைச் சொல்லவே காணோம். பேரு கிடைக்காதவன், பாட்டாவது பத்து கிடைக்கட்டும்னு அமுக்குறான்.

வடக்க ஜுமரி தலையான்னு ஒரு ஊரு. அப்ப பீகார், இப்ப ஜார்க்கண்ட். மைக்கா தோண்டுற ஊரு. ஆனா பேர் வாங்குனது சிலோனுக்கும் விவித்பாரதிக்கும் விருப்பக் கடுதாசி போட்டு. எதிராளி கடுதாசி போகாம இருக்கத் தபால்காரரைக் 'கவனிச்ச' ஆளுகளும் உண்டுன்னு கதை சொல்லுவாக. அவுகளுக்காவது கார்டு வாங்கணும், எழுதணும், தபால் பெட்டி வரைக்கும் நடக்கணும். அந்த நடைதான்டா வரம்பு. நீ நடையை எடுத்துட்ட, பதிலுக்கு ஒண்ணு வைக்க வேணாமா?

அமெரிக்காக்காரன் 1998-லயே சட்டம் போட்டுட்டான்னு நீதான வாசிச்சுக் காட்டுன? அங்க லைசென்ஸ்ல நெட் ரேடியோ நடத்துறவன் மூணு மணி நேரத்துல ஒரே பாடகருக்கு நாலு பாட்டுக்கு மேல போடக்கூடாது, அதுலயும் தொடர்ந்தாப்ல மூணுதான். கேட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள போட்டுக் குடுக்குறதே பொழப்பா இருந்தா அந்த லைசென்ஸே செல்லாது, கம்பெனி கம்பெனியாப் போய் நிக்கணும். அந்தச் சட்டம் இங்க செல்லாது, நல்ல வேளை! எண்பதுகள் பாட்டைப் போடுறவன் எஸ்.பி.பி.யை நாலோட நிறுத்திட்டு எங்கடா போவான்? ஆனா அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் கடன் வாங்கிக்க. காத்திருக்கிறவன் அது வரைக்கும் அடுத்தவன் பாட்டையும் கேட்டுத்தான ஆகணும்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பாட்டு போதும். மொத தடவை கேக்குறவன் வரிசையில முன்னாடி. போன பாட்டையே இன்னொருத்தன் கேட்டா, பாட்டு வேணாம், பேரை மட்டும் சேத்து வாசி. பிள்ளைக்குப் பிறந்தநாளுன்னு ஒருத்தி கேட்டா மூணாவதும் போடு, ஆனா ஏன் போட்டன்னு மைக்ல சொல்லிரு. ஒரே ஆளு மூணு பேர்ல வருவான், அசந்துராத. அது எனக்கெப்படித் தெரியும்னு கேக்காத.

ராத்திரி பத்துக்கு மேல உனக்குப் பிடிச்சதாப் போட்டுத் தாளிக்கிறியே, அதுக்கும் இதே கணக்குதான். அப்புறம் உங்க தாய்மாமன் போன் போட்டு, "மாப்ள, நம்ம ரேடியோதான"ன்னு இழுப்பான். அவனுக்கும் ரெண்டுதான். உங்கம்மாகிட்ட அதை நீயே சொல்லிக்க. எனக்கு ராத்திரிக் கஞ்சி வேணும்.