மார்ஜார நியாயமும் இரவு டவுன்லோடும்

ஜீவன் ஈசுவரனை அடைவது தன் முயற்சியாலா, அவன் கிருபையாலா என்னும் விசாரத்தில், தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையாரும், தாய் கவ்விச் செல்லும்வரை கண்மூடிக் கிடக்கும் பூனைக்குட்டியைத் தென்கலையாரும் திருஷ்டாந்தமாகக் காட்டி வாதிட்ட வரலாறு தமிழ்நாட்டார் அறியாததன்று; முன்னது மர்க்கட நியாயம், பின்னது மார்ஜார நியாயம். அதே வாதம், இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கிக்கொள்ளும் அற்ப லௌகிக காரியத்திலும் அரவமின்றி நடந்தேறி வருவதை வித்வான்கள் கவனியாது விட்டமையால், அக்குறையை நிரப்புவான் வேண்டி இச்சிற்றாராய்ச்சி எழுந்தது.

மர்க்கட நியாயம் மேலோங்கியிருந்த காலம் ஒன்றுண்டு. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் திட்டமொன்றில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது என்றிருந்த அந்நாட்களில், பரீட்சைக்குக்கூட அலாரம் வைத்து எழுந்தறியாத வாலிபர்கள், பிரம்ம முகூர்த்தத்துக்கும் முற்பட்டு எழுந்து, மோடத்தின் விளக்கை நோக்கி அமர்ந்து, சதவீதம் ஏறுவதைத் தியானித்திருந்தனர். துறவிகளுக்கும் அரிதான அந்த ஏகாக்ர சித்தம் வேறெக்காரியத்திலும் அவர்களுக்குக் கைகூடியதாகச் சான்றில்லை.

இந்நிலையை மாற்றி, உடையவன் உறங்கத் தானே கோப்புகளை இறக்கி வைக்க வந்ததே நாஸ் எனப்படும் பெட்டி. ஒன்றோ இரண்டோ ஹார்டு டிஸ்க்குகளைத் தாங்கி, ரவுட்டரோடு ஒரு கேபிளால் பிணைக்கப்பட்டு, டி.வி. மேசைக்கடியில் தூசியோடு தூசியாக அல்லும் பகலும் விழித்திருக்கும் இதனுள் பெரும்பாலும் லினக்ஸ் குடிகொண்டிருக்கிறது. இன்ன வேளையில் இன்ன காரியம் செய் என்று அதற்கு விதிக்கும் கிரான் என்ற ஏற்பாட்டுக்கு நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என அங்கங்கள் ஐந்து. பஞ்சாங்கத்துக்கும் ஐந்தே, எனினும் கிழமை நீங்கலாக இரண்டுக்கும் பொதுவானது எதுவுமில்லை. தேதி, கிழமை இரண்டையும் குறித்துவிட்டால், இரண்டும் கூடிவரும் நாளுக்குக் காத்திராமல் ஏதேனும் ஒன்று வாய்த்தாலே புறப்பட்டுவிடும் அதன் அவசரத்தை எந்த ஜோசியரும் அங்கீகரியார். இரவுச் சலுகையின் அவசியம் போன பின்னும், பலர் வீட்டில் 2 மணியே சுபவேளையாக நிலைத்துவிட்டது.

பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட பிட்டோரண்ட் முறையை ஆராய்ந்தால் தத்துவம் இன்னும் தெளிவுறும். ஒரே கோப்பைப் பலரும் துண்டு துண்டாகத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் இம்முறையில், தனக்கு அதிகம் கொடுப்பவனுக்கே தானும் கொடுப்பது பொது விதி. முயற்சிக்கேற்ற பலன் என்னும் வடகலைப் பட்சம் இது. ஆனால் புதிதாக வந்தவனிடம் கொடுக்க ஒரு துண்டும் இராதாகையால், அவன் என்றென்றும் வாயிலிலேயே நிற்க நேருமே என்று இரங்கினாற்போல, 30 விநாடிக்கொருமுறை தகுதி பாராமல் எவனோ ஒருவனுக்கு வழி திறந்துவிடும் ஏற்பாட்டையும் கோஹன் வகுத்தார். தென்கலை ஆசாரியர்கள் நிர்ஹேதுக கிருபை என்றது இதனையே அன்றோ! டெபியன் முதலிய லினக்ஸ் வகைகளைத் தருவோரே இம்முறையில் தம் கோப்புகளை வழங்குவதால் மார்க்கத்தில் களங்கமில்லை; இறக்குவது யாது என்பது அவரவர் மனச்சாட்சியைச் சார்ந்தது.

அப்படியாயின் சரணாகதி செய்தவன் சும்மா கிடக்கலாமே என்பது பூர்வபட்சம். அனுபவம் அதற்கு இடந்தருவதில்லை. பெட்டியின் முகவரி மாறாதிருக்க ரவுட்டரில் அதற்கென ஓர் எண்ணை நிலைநிறுத்த வேண்டும், இறங்கி முடியாதவற்றுக்குத் தனிக் கோப்புறை வகுக்க வேண்டும், மின்வெட்டுக்கு யு.பி.எஸ். வாங்க வேண்டும். பெட்டிக்கு வாங்கி ரவுட்டரை மறந்த இல்லங்களில், மின்சாரம் போனதும் பெட்டி விழித்தேயிருக்கும், இணையம் இராது. இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதும் ரெய்டு 1 முறையை நம்பி நிம்மதியடைபவரோ, ஒன்றில் அழித்தது அக்கணமே மற்றதிலும் அழியும் என்பதைத் தாமதமாகவே உணர்கின்றனர். பூனைக்குட்டியாய்க் கிடக்கும் யோக்கியதை பெறுமுன் குரங்காய்ப் பல கிளை தாவியாக வேண்டும் என்றாகிறது.

தாவி முடித்த பின்னராவது உறங்குகின்றனரா என்றால், அதுவுமில்லை. பெட்டியைக் கைப்பேசியிலிருந்தே நோக்கும் வசதி வந்தபின், 2 மணிக்குத் தானே தொடங்க வேண்டிய காரியம் தானே தொடங்கிற்றா என்று பார்க்க 2 மணிக்கு எழுந்துகொள்வோர் மிகுந்துவிட்டனர். வேலை முடிந்து சுழற்சி ஓய்ந்து உறங்கப் போன டிஸ்க்குகளையும், எல்லாம் வந்து சேர்ந்தனவா என்று திறந்து பார்த்து எழுப்பிவிடுகின்றனர். வந்தவற்றைப் பின்னர் எவரேனும் படிப்பதுண்டா என்னும் வினா இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இத்தகையோரை எக்கலையில் சேர்ப்பது என்ற வழக்கு தீரும்வரை, பெட்டியின் முகப்பில் எந்த நாமம் இடுவது என்பதை ஒத்திவைத்து, ஆயுத பூஜையன்று காற்றுத் துவாரத்தை அடைக்காமல் ஒரு சந்தனப் பொட்டு மாத்திரம் வைப்பது உசிதம்.