அட்டவணைக்கு அடியில் ஒரு பந்தி இடம் வேண்டி

பணிப்பாளர் நாயகம் அவர்கள்,
தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம்,
பத்தரமுல்லை.

விடயம்: திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகையும் அதற்குள் அடியேனின் இருப்பும்

மதிப்புக்குரிய ஐயா,

முதலில் என் வாழ்த்து. கடைசித் தொகைமதிப்புக்கு உங்கள் உத்தியோகத்தர் தாளும் பென்சிலுமாக வரவில்லை, டெப்லெட்டோடு வந்தார். கேற்றடியில் நின்றபடியே எங்கள் வீட்டை எண்ணி முடித்துவிட்டார். நாய் மட்டும்தான் கொஞ்சம் மறுப்புத் தெரிவித்தது. 2021இல் நடக்கவேண்டியது 2024 கடைசியில்தான் நடந்தது என்று கொழும்பில் சிலர் குறைப்பட்டார்களாம். திருகோணமலையில் அப்படிக் குறைப்பட ஒருவருக்கும் வாய் வராது. 1981 மார்ச் 17ஆம் திகதி எங்களை முழுதாக எண்ணினீர்கள். அடுத்த முழுத் தொகைமதிப்பு 2012 மார்ச் 20ஆம் திகதி. இடையில் 31 வருடம். 1991இல் நாட்டிலே எண்ணிக்கையே இல்லை. 2001இல் 18 மாவட்டங்களை முழுதாக எண்ணினீர்கள். எங்களுடையது மீதி ஏழில் ஒன்று. அந்தக் கணக்கில் பார்த்தால் மூன்று வருடத் தாமதம் விரைவுச் சேவை.

அந்த 31 வருடமும் நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் வராமலேயே எங்களை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். நடுவாண்டுச் சனத்தொகை மதிப்பீடு என்று வருடந்தோறும் ஓர் எண், ஆயிரத்துக்கு முழுமையாக்கி. பழைய எண்ணோடு பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, வந்தவர் போனவரையும் சரிக்கட்டினால் மாவட்டம் தயார். 1990 ஜூனில் யுத்தம் துரத்த ஊர் ஊராக வீடுகளைப் பூட்டாமலே போனோம். சிலர் பள்ளிக்கூடங்களில், சிலர் காட்டில், சிலர் மன்னாரால் வள்ளமேறித் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில். உங்கள் அட்டவணையில் மட்டும் நாங்கள் அசையாமல் இருந்தோம். அந்தக் காலத்தில் எங்களுக்கு நிரந்தர முகவரி என்று ஒன்று இருந்தது என்றால் அது உங்கள் புள்ளிவிபரத் தொகுப்புத்தான். நன்றி.

மதிப்பீடு நல்ல குணமுள்ளது; யாரையும் கைவிடாது. 2022ஆம் ஆண்டுக்கு நாடு முழுவதற்கும் நீங்கள் வெளியிட்ட மதிப்பீடு 2 கோடி 21 இலட்சத்துக்கு மேல். 2024இல் போய் எண்ணினால் 2 கோடி 17 இலட்சத்துச் சொச்சம். கடவுச்சீட்டு வரிசையில் விடிய விடிய நின்று போனவர்கள் சிலர். மற்றவர்கள் மதிப்பீட்டிலேயே பிறந்து மதிப்பீட்டிலேயே வாழ்ந்தவர்கள்; அரிசி விலையோ பெற்றோல் வரிசையோ தெரியாத பாக்கியசாலிகள்.

இதற்கிடையில் 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நாடெங்கும் குரங்குகளையும் மயில்களையும் எண்ணினார்கள். எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வேலை முடிந்தது. அது வேறு அமைச்சின் அலுவல், உங்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒன்று கவனித்தேன். அன்றைக்குக் காலையில் அந்தக் குரங்குகள் தங்கள் தங்கள் மரத்திலேயே இருந்தன. எங்களுக்கு அந்த வசதி எப்போதும் வாய்த்ததில்லை.

சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 ஏப்ரலில் குண்டு விழுந்து சனம் எழும்பியது. 2007இல் அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. பிறகு அனல்மின் நிலையம் வரப்போகிறது என்றார்கள். நீங்கள் 2012 மார்ச்சில் வந்தபோது சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனைச் சனங்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தகரக் கொட்டில்களில் ஆறாவது வருடத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். கடற்படை பிடித்திருந்த நிலத்தின் பெரும்பகுதி 2016இல்தான் கைக்கு வந்தது. அதே வருடம் அனல்மின் திட்டமும் கைவிடப்பட்டது. இப்போது அங்கே சூரிய மின்சாரத் திட்டம். ஆக, 2012 அறிக்கையைப் புரட்டும் ஒரு மாணவனுக்குக் கிளிவெட்டிப் பக்கம் திடீரென்று செழித்ததாகவும், சம்பூர்ப் பக்கம் யாரோ சபித்ததாகவும் தோன்றும். பரீட்சையில் ‘கிளிவெட்டியின் சனத்தொகைக் கவர்ச்சிக்குக் காரணங்கள் தருக’ என்று கேட்டால் பிள்ளை என்ன எழுதும்? வளமான மண் என்று எழுதும். புள்ளியும் கிடைக்கும்.

இது ஒரு சாதிசனத்தின் கதை மட்டுமென்று நினைத்துவிட வேண்டாம். தென்னமரவடிச் சனம் 1984 டிசம்பரில் முல்லைத்தீவுப் பக்கம் போய், கால் நூற்றாண்டு கழித்துக் காடு மண்டிய வளவுக்குத் திரும்பியது. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் சனம் கூட்டங்கூட்டமாகக் கந்தளாய்க்கு நடந்தது. எல்லைக் கிராமங்களின் சிங்கள விவசாயிகளும் விளைந்த வயலை விட்டுவிட்டு ஓடிய இரவுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் கிண்ணியா வைத்தியசாலைக்குள்ளேயே ஏறியது. உங்கள் நிரலில் இவையெல்லாம் கூட்டல் கழித்தல்கள். மாவட்டத்தின் மொத்தம் சரியாக வருகிறதா என்று பார்த்தால் வருகிறது. ஒரு பிரதேசச் செயலகத்தில் குறைந்தது இன்னொன்றில் கூடியிருக்கிறது. கணிதத்துக்கு வஞ்சகமில்லை.

ஐயா, எங்கள் ஊரில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற ஊர்க்காரருக்குப் பிடித்த நடிகர் இருப்பார். எங்களுக்குப் பிடித்த தொகைமதிப்பு இருக்கிறது. தேத்தண்ணிக் கடையில் ஒருவர் எந்த ஆண்டிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார் என்று கேட்டால் அவருடைய பெயரைக் கேட்கத் தேவையில்லை. தமிழர் 1827இல் தொடங்குவார். வெள்ளைக்காரன் அன்று எடுத்த கணக்கில் மாவட்டத்தில் பத்தில் எட்டுப் பேர் தமிழர். முஸ்லிம் நண்பர் 2012இல் தொடங்குவார், நூற்றுக்கு நாற்பது. சிங்கள நண்பருக்கு 1981. அன்று மூவரில் ஒருவர். 2012இல் அது நூற்றுக்கு 27 ஆகிவிட்டது என்று அவர் கவலைப்படுவார். பக்கத்து மேசைத் தமிழரும் தன் பங்கு இறங்கியதை நினைத்துத்தான் கவலைப்படுகிறார். இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே அறிக்கையைப் பார்த்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் பயப்படுகிறார்கள். நாற்பது வீதக்காரர் சந்தோஷமாக இருக்கவேண்டும் அல்லவா? அவர் காணி உறுதியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இதில் உங்கள் அட்டவணை ஒரு சொல்லும் சொல்லாது என்பதுதான் அதன் அழகு. 1953இல் மாவட்டத்தில் சுமார் 84 ஆயிரம் பேர். பத்து வருடம் கழித்து 1963இல் 1 இலட்சத்து 38 ஆயிரம். சிங்களவர் தொகை மட்டும் பதினையாயிரத்திலிருந்து ஏறக்குறைய நாற்பதாயிரம்; 1981இல் எண்பத்தையாயிரம். நிரலின் தலைப்பு ‘அதிகரிப்பு’. எந்தப் பிரசவ விடுதியாலும் இயலாத அதிகரிப்பு. கந்தளாய், அல்லை, மொரவெவ, பதவியா என்று அரசாங்கம் குளம் திருத்தி, காணி அளந்து, தெற்கிலும் மலைநாட்டிலும் நிலமற்றிருந்த ஏழைக் குடும்பங்களை லொறியில் ஏற்றிவந்து இறக்கியது என்பது அந்தத் தலைப்புக்குள் அடக்கம். வந்தவர்களை நான் நோகவில்லை. அவர்களையும் யாரும் கேட்டுக் கொண்டுவரவில்லை. 1976 எல்லை நிர்ணயத்தில் சேருவில என்றொரு தேர்தல் தொகுதியும் முளைத்தது. ‘அதிகரிப்பு’ என்ற ஒரு சொல் இவ்வளவையும் சுமக்கிறது. அதற்கு ஒரு மேலதிக நேரக் கொடுப்பனவாவது தரலாம்.

எண்ணை வைத்துக் கோடு கிழிக்கப் போனால் இந்நாட்டில் என்ன நடக்கும் என்பதற்கு 2018 ஓகஸ்ட் சாட்சி. மாகாண சபைத் தொகுதிகளின் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிராக 139 வாக்கு, ஆதரவாகப் பூச்சியம். கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலேயே முடிந்திருந்தது. எங்களை எண்ணினால்தானே பிரதிநிதி என்று இனி யாரும் சொல்லவேண்டாம்.

சில சிறு தொழில்நுட்பச் சந்தேகங்களும் உண்டு. கடைசித் தொகைமதிப்பின் கணக்குத் திகதி டிசம்பர் 19. அது எங்களுக்கு வாடைக்காற்றுக் காலம். கடல் கலங்கி, மழை கொட்டும். குச்சவெளியிலும் புல்மோட்டையிலும் கரையோர மீனவர் வாடிகளில் ஆள் குறைவு. மேற்குக் கரை மீனவர்கள் சோளகக்காற்றுக் காலத்தில்தான் இங்கே வருவார்கள். ஜூலையில் வந்திருந்தால் அதே மணலில் வேறொரு ஊரையே பார்த்திருப்பீர்கள். பிள்ளைப்பேறும் அப்படித்தான். பிறப்பு நடந்த இடத்தில் பதிவாகும். மூதூர்த் தாய் வந்து திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் பெற்றால் அந்தப் பிள்ளை பதிவில் பட்டணத்துப் பிள்ளை. தவழத் தொடங்குமுன் மூதூருக்குப் போய்விடும். தகப்பன் கட்டாரில்.

அடர்த்திக் கணக்கும் ரசிக்கத் தக்கது. மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 140 பேர் என்று 2012 கணக்கு வருகிறது. கிண்ணியாவில் ஒரு மதிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம் சாய்ந்திருக்கிறது. கோமரங்கடவலப் பிரிவு முழுவதிலும் அன்று பத்தாயிரம் பேரும் இல்லை. இரவில் யானைதான் ரோந்து. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிண்ணியாவுக்குக் காற்றோட்டமும் கோமரங்கடவலவுக்கு அயலும் கிடைத்துவிடுகின்றன. எந்த அபிவிருத்தித் திட்டமும் இவ்வளவு மலிவாக இதைச் செய்ததில்லை.

எங்கள் பக்கத்திலும் பிழை இல்லையென்று சொல்லமாட்டேன். நிவாரணம் என்றால் கிராம சேவையாளரின் பதிவில் நாங்கள் பெருகுவோம். இராணுவம் பதிவெடுத்த காலத்தில் சுருங்கினோம். வாக்காளர் இடாப்பில் கனடாவிலிருக்கும் மகனையும் விட்டுவைப்போம். ஒவ்வொரு படிவமும் ஒவ்வொரு விதமான பயத்தைக் கேட்டது. அதற்கேற்ற விடையைக் கொடுத்துப் பழகிவிட்டோம்.

இனி என் கோரிக்கை. இந்நாட்டின் மூத்த தொகைமதிப்பு அறிக்கைகளில் ஒன்று 1901ஆம் ஆண்டுடையது. அந்தத் தொகைமதிப்பின் அத்தியட்சகர் பொன்னம்பலம் அருணாசலம். எண்ணி முடித்ததோடு அவர் பேனாவை மூடவில்லை. நாட்டின் வரலாறு, சமயம், மொழி, சனத்தின் பழக்கவழக்கம் எல்லாவற்றையும் எழுதினார். அட்டவணைக்குப் பக்கத்தில் மனிதர் இருந்தார்கள். குதிரைவண்டிக் காலத்தில் இயன்றது டெப்லெட் காலத்தில் இயலாதா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இந்த மாவட்டத்தில் 230 கிராம சேவையாளர் பிரிவுகள். 2024 கணக்கை அப்பிரிவுகள் வாரியாக அச்சிடும்போது, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பந்தி இடம் விடுங்கள். 1981இல் இங்கே எத்தனை பேர், எந்த வருடம் யார் போனார்கள், யார் கொண்டுவரப்பட்டார்கள், யார் திரும்பினார்கள், இப்போது தமிழ்நாட்டு முகாமில் இருப்பவர் எத்தனை குடும்பம். மூன்று மொழியிலும், எந்தப் பிரிவையும் விடாமல், தென்னமரவடிக்கும் மூதூருக்கும் கோமரங்கடவலவுக்கும் ஒரே அளவு எழுத்தில். அந்தந்த ஊரில் எழுபது வயது தாண்டிய இரண்டு பேரையும் ஓய்வுபெற்ற ஒரு விதானையாரையும் உட்கார வைத்துக் கேட்டால் ஒரு பின்னேரத்தில் பந்தி கிடைக்கும். ஆனால் தாமதிக்க வேண்டாம். 1981இல் உங்கள் உத்தியோகத்தருக்கு வாசலில் நின்று பதில் சொன்ன குடும்பத் தலைவர்கள் வருடா வருடம் உங்கள் இறப்பு நிரலுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்ஙனம்,
பட்டணமும் சூழலும் பிரதேசச் செயலகப் பிரிவில்
ஆயிரத்துக்கு முழுமையாக்கப்பட்டவர்களில் ஒருவன்