நேசமணியின் தலையும் இடைவேளைக்குப் பிந்தைய கண்ணீரும்: ஒரு கோவில்பதாகை ஆய்வு

ஆவடியை ஒட்டிய எங்கள் ஊரின் பேர் கோவில்பதாகை. பதாகை என்றால் பேனர். பேனர் என்றால் சினிமா. ஆகவே தமிழ்ச் சினிமாவை ஆராய இதைவிடத் தக்க களம் இல்லை என்பது சொல்லாராய்ச்சியாலேயே உறுதியாகிறது. மறுப்பவர்கள் ஏரிக்கரைப் பக்கம் வந்தால் பேசிக்கொள்ளலாம்.

ஆய்வுச் சிக்கல் இதுதான்: வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த படம், இடைவேளையில் பாப்கார்ன் வாங்கித் திரும்புவதற்குள் ஏன் அழ ஆரம்பித்துவிடுகிறது?

முன்னோடி ஆய்வாளர் தொல்காப்பியர். மெய்ப்பாடு எட்டு என்றவர் முதலில் நகையை வைத்தார், அடுத்ததாகவே அழுகையை. ஆறாவது பெருமிதம், அதாவது ஹீரோ பில்டப். ஏழாவது வெகுளி, கிளைமாக்ஸ் சண்டை. எட்டாவது உவகை, சுபம். கோடம்பாக்கம் இன்றுவரை இந்த வரிசையைத் தாண்டவில்லை. ராயல்டி மட்டும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

சோதனைப் பொருள்: 2001 பொங்கலுக்கு வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’. 1999இல் மலையாளத்தில் இதே பேரில் எடுத்த படத்தைச் சித்திக் தமிழில் திரும்ப எடுத்தார். விஜய், சூர்யா, ரமேஷ் கண்ணா மூவரும் நண்பர்கள். பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியாக வடிவேலு. பங்களாவுக்குப் பெயின்ட் அடிக்கப் போன இடத்தில் மேலிருந்து ஒரு சுத்தியல் நேசமணியின் தலையில் விழுகிறது. நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கில் பிறக்கும் என்பது இலக்கணம்; அந்த ஒரு சுத்தியலில் நான்கும் பிறந்துவிட்டன. பின்பாதியிலோ நண்பர்களுக்குள் பழைய ரகசியம் உடைகிறது, பிரிவு, துயரம். அழுகைக்குச் சொன்ன இளிவு, இழவு, அசைவு, வறுமையில் வறுமை நீங்கலாக எல்லாம் உண்டு. ஆனாலும் டிவியில் போடும்போது, சரியாக அந்த இடத்தில் எங்கள் வீட்டு ஹால் காலியாகிறது. ஒருவர் பால் பாக்கெட் வாங்கப் போவார், ஒருவருக்கு மோட்டார் போட நினைவு வரும்.

குற்றம் கண்ணீரின் அளவில் இல்லை, முகவரியில் இருக்கிறது என்பது என் கருதுகோள். அடி வாங்கியவர் ஒருவர், நம்மை அழச் சொல்வது இன்னொருவருக்காக. நேசமணி பின்னுக்குப் போன பிறகு யாருக்காக மூக்கைச் சிந்துவது?

ஒப்பீட்டுக்கு 1964 போதும், நாகேஷ் ஒருவரே போதும். ‘காதலிக்க நேரமில்லை’யில் ஸ்ரீதர் கண்ணீரை வாசலோடு நிறுத்திவிட்டார், படம் முழுக்கச் சிரிப்பு. அதே ஆண்டு கிருஷ்ணன்-பஞ்சுவின் ‘சர்வர் சுந்தரம்’. தட்டுகளை அடுக்கித் தூக்கிவந்து சிரிக்க வைத்த அதே ஆள், காதலையும் தாயையும் இழந்து நிற்கும்போது ஹாலில் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. அம்மாவின் முந்தானையே சான்று, ஈரத்துடன்.

கருதுகோளை நிரூபிக்க 18 ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 2019 மே கடைசியில், சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பேர் என்று இணையத்தில் கேட்டிருந்தார்கள். சுத்தியல் என்று சொன்ன தமிழர் ஒருவர், நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்றும் சேர்த்துவைத்தார். அவ்வளவுதான். ‘நேசமணிக்காகப் பிரார்த்திப்போம்’ என்று ட்விட்டரே திரண்டது. டெல்லியில் பிரதமர் பதவியேற்ற நாளிலும் உலகம் நேசமணியின் உடல்நிலையை விசாரித்துக்கொண்டிருந்தது. வேடிக்கைதான்; ஆனால் 2001இல் தவறான முகவரிக்குப் போன சென்டிமென்ட் உரியவரிடம் வந்து சேர்ந்தது அப்போதுதான்.

இனிக் களச்சான்று. போன பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். சாரத்தின் மேலிருந்த பையன் கை நழுவி, பிரஷ் கீழே நின்ற கான்ட்ராக்டர் தோளில் விழுந்தது. தெருவே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். அம்மா மட்டும் சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்து, “ஏம்பா, அடி பட்டுடுச்சா?” என்றாள். நகையும் அழுகையும் ஒரே ஆள்மேல், அரை நிமிஷத்துக்குள், இடைவேளையே இல்லாமல்.

டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரான மாமா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நிமிர்ந்து சாரத்தைப் பார்த்துக் கேட்டார்:

“தம்பி, சுத்தி யார் கையில இருக்கு?”